குடியும் குடியிருப்பும்

1

தமிழ் உரைநடையில் குடிகாரர்களுக்குப் பஞ்சம் இல்லை. குடியை நிறுத்தியவன்தான் இல்லை. நிறுத்தியவன் என்று நான் சொல்வது, கடைசி அத்தியாயத்தில் மனைவியின் தாலிமேல் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டு நல்லவனாகிவிடுகிறவனை அல்ல. அவன் ஏராளமாக இருக்கிறான். அவன் குடியை நிறுத்தியதும் கதையும் நின்றுவிடுகிறது. மறுநாள் காலையில் எழுந்து, இந்தப் பொழுதை என்ன செய்வது என்று தெரியாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறவனைச் சொல்கிறேன். பதினோராம் நாளில், நாற்பதாம் நாளில் இருப்பவனை. அவனுக்கு நம் எழுத்தில் இடம் கிடைக்கவில்லை. இதை விஷயப் பற்றாக்குறை என்று ஒதுக்கிவிட முடியாது. நம் உரைநடை காலத்தைக் கையாளும் விதத்தில் உள்ள ஒரு குறை இது என்பது என் கட்சி.

நெய்வேலியிலிருந்து இதை எழுதுகிறேன். இடத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது பின்னால்.

முதலில் சொல். குடி என்றால் அருந்துவது. குடி என்றால் குடும்பம், வீடு, ஊர், அதில் வாழும் மக்கள். குடித்தனம், குடியிருப்பு, குடிக்கூலி, குடிபெயர்தல் எல்லாம் இந்த இரண்டாவதிலிருந்து வருபவை. வேர் ஒன்றா இரண்டா என்பது மொழியியல்காரர்கள் பாடு. பத்திரிகைகள் ‘குடிமகன்’ என்ற சிலேடையை எழுதி எழுதி அதன் முனையை மழுக்கிவிட்டன. ஆனாலும் தமிழ்க் காது இவ்விரண்டையும் சேர்த்தே கேட்டுவந்திருக்கிறது. ஒருவன் முதல் குடியினால் இழப்பது இரண்டாவது குடியை. அதனால் குடியை விடுவது என்பது நாக்கு சம்பந்தப்பட்டதோ மனஉறுதி சம்பந்தப்பட்டதோ மட்டும் அல்ல. எங்கே, யாரோடு, எந்தக் கூரையின் கீழ் என்ற கேள்வி அது. நம் கதைகள் முதல் குடியைப் பார்த்த அளவு இரண்டாவதைப் பார்க்கவில்லை. கடையைத் தெரியும், தெருவோரச் சாக்கடையைத் தெரியும், மனைவி அழும் சமையலறையைத் தெரியும். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒருவன் சில மாதங்கள் தங்கி மனிதனாகிற இடம் ஒன்று இருக்கிறது என்பது எழுத்தாளனின் பிரக்ஞைக்கு எட்டவே இல்லை.

2

நவீனத் தமிழ்க் கதைக்குள் குடிகாரன் பிரசாரத்தின் வாசல் வழியாக நுழைந்தான். 1925 இல் ராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை அங்கிருந்து நடத்தினார். கல்கி அதில் அவருக்கு உதவியாக வேலை பார்த்தார். இந்த வம்சத்தில் வந்ததுதான் ராஜாஜியின் ‘திக்கற்ற பார்வதி’. அதன் அக்கறையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. சேலம் ஜில்லாவின் ஏழைக் குடியானவன் வீட்டில் கள் என்ன செய்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர் எழுதியது. ஆனால் கதையின் அகம் முழுவதும் பார்வதியிடம் இருக்கிறது. அவள் கணவன் ஒரு விளைவு மட்டுமே. அவனுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் பிரசாரம் கலங்கிவிடும். எதிரி கடையாக இருக்கும்வரை தீர்வு கடையை மூடுவது. கடை மூடிய பிறகும் நடுங்கிக்கொண்டிருக்கும் கையைப் பற்றிப் பிரசாரத்துக்குச் சொல்ல எதுவும் இல்லை.

சட்டம் இந்த விஷயத்தில் கதையைவிடக் கூர்மையாக இருந்தது என்பது வேடிக்கை. 1937 அக்டோபர் 1 ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு தொடங்கியது. 1948 இல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. அந்த வறண்ட காலத்திலும் சட்டம் இரண்டு பேருக்கு வழிவிட்டது. ஒருவன் நோயாளி. உடம்புக்கு மது அவசியம் என்று டாக்டரிடம் சான்று வாங்கி பர்மிட் பெற்றவன். இன்னொருவன் சிப்பாய். பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்து பல்சாரா என்பவர் தொடுத்த வழக்கில் 1951 இல் சுப்ரீம் கோர்ட், ராணுவ மெஸ்களுக்கும் கான்டீன்களுக்கும் தரப்பட்ட விதிவிலக்கு செல்லும் என்றே தீர்ப்புச் சொன்னது. குடிப்பவன் நோயாளியாக இருக்கலாம் என்பதும், அரசே ஒருவனுக்கு அளந்து ஊற்றலாம் என்பதும் சட்டப் புத்தகத்தில் அப்போதே பதிவாகிவிட்டன. இந்த இரண்டு பேரையும் இலக்கியம் கண்டுகொள்ளவில்லை. அதற்குத் தெரிந்தவன் மூன்றாமவன், பாவி.

3

1974 ஒரு விசித்திரமான வருஷம். 1971 இல் திறந்த கடைகளைக் கருணாநிதி அரசு அந்த வருஷம் மறுபடியும் மூடியது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய ‘திக்கற்ற பார்வதி’ படம் வெளிவந்தது. ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ நாவலும் வெளிவந்தது. அரசாங்கம் ஒரு பதில் சொன்னது, சினிமா ஒரு பழைய பதிலைத் திருப்பிச் சொன்னது, நாகராஜன் கேள்வியையே மாற்றினார்.

கந்தன் என்ற மனிதனின் ஒரு நாள். அவ்வளவுதான் நாவல். குடி அதில் பாவமும் அல்ல, துயரமும் அல்ல. வெயில் இருப்பதுபோல் இருக்கிறது. போதனை இல்லாமல், பரிவைக்கூட மிகையாகக் காட்டாமல், அந்த மனிதனை அவன் நடமாடுகிற தெருக்களோடு சேர்த்து நிறுத்துகிறார் நாகராஜன். ‘விமோசனம்’ தொடங்கிவைத்த மரபை ஒரே வீச்சில் அறுத்தது இந்த நாவல். நம் சூழல் இதை உணர்ந்து கொண்டாடியது நியாயம்தான்.

ஆனால் கொண்டாடியவர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள்? நாகராஜனின் உரைநடையை அல்ல, வாழ்க்கையை. கணிதம் போதித்தவர், கட்சிக்காக முழுநேரம் உழைத்தவர், கடைசியில் போதையில் தன்னைக் கரைத்துக்கொண்டு 1981 பிப்ரவரியில் மதுரை அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவர் என்ற சித்திரம் ஒரு புராணமாயிற்று. அந்தப் புராணத்தில் குடி, கலைஞனின் சுதந்திரத்துக்கு விலைச்சீட்டு. நாவலைத் திறந்து பார்த்தால் அதில் தள்ளாடுகிற ஒரு வாக்கியம்கூட இல்லை. எல்லாம் வரண்ட, கணக்குப் போடுகிறவனின் வாக்கியங்கள். குடித்த கை எழுதியது என்று மெச்சுகிறவர்களுக்கு அந்த உரைநடையே பதில் சொல்கிறது, எழுதும்போது கை நிதானமாக இருந்தது என்று. குடி நாகராஜனுக்கு எழுத்தைத் தந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. எழுத வேண்டியதைப் பறித்தது என்பதற்கு அவர் விட்டுச்சென்ற பக்கங்களின் எண்ணிக்கையே ஆதாரம்.

அவர் இறப்பதற்கு முந்தின வருஷம், 1980 இல், சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடிக்குப் பலியான தன் கணவரின் நினைவாக டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னால் டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று ஊர் அறிந்தது. குடியைப் பாவமாகவோ பைத்தியமாகவோ பார்க்காமல் நோயாகப் பார்த்து, நோயாளியை ஒரு மாதம் தங்கவைத்து, குடும்பத்தையும் கூடவே அழைத்துப் பேசவைத்த இடம். நாகராஜன் அங்கே போயிருந்தால் என்று கேட்பதில் அர்த்தம் இல்லை. நான் படித்த எந்த அஞ்சலிக் கட்டுரையிலும் அந்தக் கேள்வி எழாததில் அர்த்தம் இருக்கிறது. 1983 முதல் பிரம்மராஜன் நடத்திய பத்திரிகைக்கு ‘மீட்சி’ என்று பெயர். அழகான சொல். கவிதைக்கும் சித்தாந்தத்துக்கும் மீட்சி உண்டென்று நம்பிய நாம், பக்கத்தில் உட்கார்ந்து குடித்த நண்பனுக்கு அது உண்டென்று நம்பவில்லை. அவன் சரிவதை நாம் பார்த்தது அனுபவச் சேகரிப்பாக.

நாவலின் வடிவத்துக்கு வருகிறேன். ஒரே நாள் என்ற வடிவம் கந்தனுக்குச் சரியான வடிவம். குடிப்பவனுக்கு நாளை என்பது இன்றின் நகல். தலைப்பு அதைத்தான் சொல்கிறது. இந்த வடிவத்துக்குள் நிறுத்துதல் நிகழ முடியாது, நிறுத்துவதற்குப் பல நாட்கள் வேண்டும் என்று நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். குடியை விட்டவர்கள் கூடும் அறையில் உட்கார்ந்து கேட்ட பிறகு விஷயம் இன்னும் சிக்கலானது என்று தெரிந்தது. அவர்களும் ஒரு நாளைத்தான் நம்புகிறார்கள். இன்று ஒரு நாள் குடிப்பதில்லை. நாளையைப் பற்றி நாளை. குடிப்பவனும் விட்டவனும் ஒரே காலஅளவில் வாழ்கிறார்கள். ஒருவனுக்கு ஒரு நாள் என்பது சிறை, இன்னொருவனுக்கு அதுவே பிடிமானம். ஒரே வடிவத்துக்குள் இந்த இரண்டு பொருள்களும் இருப்பதை எழுதிக்காட்ட வேண்டியது உரைநடையின் வேலை. பாதியை நாகராஜன் செய்துவிட்டுப் போனார்.

4

இனி நெய்வேலி.

இந்த ஊரில் யாருக்கும் சொந்த வீடு கிடையாது என்று சொன்னால் அது பெரிய மிகை ஆகாது. 1956 இல் நிறுவனம் அமைந்தது. 1957 மே மாதம் நேரு வந்து தோண்டும் வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. அதற்காக ஊர்கள் கிளப்பப்பட்டன. கிளப்பப்பட்ட ஊர்களுக்குப் பதில் பிளாக் பிளாக்காக, எண் போட்ட வீடுகளோடு, மரம் அடர்ந்த சாலைகளோடு டவுன்ஷிப் எழுந்தது. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இங்கே பிறந்து, படித்து, கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்றவனுக்கும் ஐம்பத்தெட்டோ அறுபதோ ஆன பிறகு ‘உங்கள் ஊர் எது’ என்ற கேள்வி வருகிறது. நிலம் கொடுத்தவர்களின் கேள்வி இதைவிடக் கடுமையானது. கண்மணி குணசேகரன் அதை ‘வந்தாரங்குடி’ நாவலில் எழுதியிருக்கிறார். தலைப்பிலேயே குடி இருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விட்ட நெல்வயலுக்குள் எந்திரங்கள் இறங்கியபோது அந்தக் கேள்வி முடிந்துபோனதல்ல என்பதும் தெரிந்தது.

இங்கே வீட்டுக்குப் பெயர் குவார்ட்டர்ஸ். நூற்றெண்பது மில்லி பாட்டிலுக்குப் பெயர் குவார்ட்டர். இந்தச் சிலேடையை நெய்வேலியில் சொல்லாதவர் கிடையாது. மூன்று ஷிப்டு ஊர். காலையில் ஷிப்டு முடிந்து வருகிறவனுக்குக் காலைதான் சாயங்காலம். தமிழ்நாட்டில் கடை மூடியிருந்த வருஷங்களிலும், கடலூரைத் தாண்டி முள்ளோடைக்குப் போனால் புதுச்சேரி எல்லை. அங்கே மூடல் கிடையாது. மதுவிலக்கின் சரித்திரத்தை இந்தப் பக்கத்து ஆட்கள் பஸ் டிக்கெட்டின் விலையாகத்தான் அறிந்திருக்கிறார்கள்.

மத்திய அரசு நிறுவனங்களில் மூன்றாம் பிரிவு வேலைகளில் நூற்றுக்குப் பதினாலரையும் நான்காம் பிரிவில் இருபத்து நாலரையும் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி உண்டு. முப்பத்தைந்து, நாற்பது வயதில் பட்டாளத்திலிருந்து வந்து வாசலிலும் சுரங்கத்திலும் இரண்டாவது சீருடை போட்டுக்கொண்டவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் பேசியதைத்தான் அந்த அறையில் கேட்டேன். வெளியாட்களும் வந்து கேட்கலாம் என்று அனுமதிக்கிற கூட்டம் அது. பெயர் சொல்லக்கூடாது என்பது அங்கே விதி. ஹவில்தார் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் பேச்சில் உருக்கம் இல்லை. வருஷம், மாதம், இடம், அளவு என்று போனது. பனிமலையில் சாயங்காலம் வரிசையில் நின்று வாங்கிய ரம். அளந்து ஊற்றியதை அங்கேயே குடித்துவிட வேண்டும். “ரெஜிமெண்ட்ல ரம்முக்கு மணி இருந்துச்சு. ஊருக்கு வந்தப்புறம் பாட்டில் இருந்துச்சு, மணி இல்ல” என்றார். ஓய்வு பெற்றவனுக்குக் கான்டீன் அட்டையில் மாதக் கணக்கு உண்டு. ஊரில் அந்த பாட்டிலுக்கு இருந்த மரியாதையை அவர் விளக்கிய விதம் எனக்கு முக்கியமாகப் பட்டது. கல்யாணத்துக்கு ஒன்று, கருமாதிக்கு ஒன்று, பட்டா மாற்ற ஆபீசில் ஒருவருக்கு ஒன்று. “மிலிட்டரிக்காரு வந்திருக்காருன்னா பாட்டில் வந்திருக்குன்னு அர்த்தம்.” பட்டாளத்தில் தோளில் இருந்த பட்டை ஊரில் பாட்டிலாக மாறியது. அதைக் குடிப்பதும் கொடுப்பதும் நிற்கும் நாளில் அவர் யாரும் இல்லை. இரண்டு முறை நிறுத்தி இரண்டு முறையும் தவறியதற்குக் காரணம், குடிக்கும் ஆசையைவிட யாரும் இல்லாமல் போகிற இந்தப் பயம்தான் என்றார். இதைக் கண்டுபிடிக்கத் தனக்கு நான்கு மாதம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் பாத்திரம் கழுவ வேண்டியிருந்தது என்றும் சொன்னார்.

பிறகு பேசியவர் பம்ப் பிரிவில் வேலை செய்பவர். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. இரவும் பகலும் இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் தோண்ட முடியும். இறைப்பதை நிறுத்தினால் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அவர் சொன்னது இவ்வளவே: “நம்ம சுரங்கம் காஞ்ச சுரங்கம் இல்ல. இறைக்கிற சுரங்கம்.” அன்று மாலை முழுவதும் அந்த அறையில் கேட்ட ஒரே உவமை அது. அவருக்கு அது உவமைகூட அல்ல, வேலை.

5

மறுவாழ்வு இல்லம் என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மறுவாழ்வு என்பதை நம் அரசாங்கத் தமிழ் அகதிக்கும் பயன்படுத்துகிறது, நிலம் இழந்தவனுக்கும் பயன்படுத்துகிறது, குடியிலிருந்து வருபவனுக்கும் பயன்படுத்துகிறது. இலங்கைத் தமிழர் முகாம்களின் பெயர்ப்பலகையில் 2021 இல் அகதி என்பது போய் மறுவாழ்வு வந்தது. வாழ்வு மறுபடியும் கிடைத்துவிட்டதாகச் சொல் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. உண்மையில் அந்த வீடு ஒரு இடைவழி. சத்திரத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

போர் முடித்து வந்தவனுக்கு இப்படி ஒரு வீடு தேவை என்பது பழைய ஞானம். அமெரிக்காவில் உள்நாட்டுப் போரின் முடிவில், 1865 இல், லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி முன்னாள் படைவீரர்களுக்கான இல்லங்கள் எழுந்தன. அவற்றின் ஓயாத தலைவலி குடி. வெளியே போய்க் குடித்து விழுவதைத் தடுக்கச் சில இல்லங்கள் உள்ளேயே பீர் விற்றன. 1890களில் கீலி என்பவரின் ‘தங்க மருந்து’ ஊசியையும் போட்டுப் பார்த்தார்கள். 1935 இல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சனும் முதல் உலகப் போர்க்காலத்துப் பட்டாளத்துக்காரர். முதல் மதுக்கோப்பை அவர் கைக்கு வந்தது ராணுவத்தில் இருந்தபோதுதான். ஹவில்தாரின் கதை நெய்வேலிக்கு மட்டும் உரியது அல்ல.

இடம் என்ன செய்யும் என்பதற்கு வியட்நாம் ஒரு சாட்சி. அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு ஹெராயினுக்கு அடிமையாக இருந்ததை 1971 வாக்கில் கண்டார்கள். அவர்கள் ஊர் திரும்பிய பின் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடிப்போய் விசாரித்தபோது, அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் வருஷத்தில் மறுபடியும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே. போதை அந்த இடத்தோடும் அந்தக் கூட்டத்தோடும் பிணைந்திருந்தது. இடம் மாறியதும் பெரும்பாலோரிடம் பிடி தளர்ந்தது. நம் ஹவில்தாருக்கு நடந்தது இதன் தலைகீழ். போர்முனையில் அளவோடு இருந்தது, ஊரில் அளவு இழந்தது. ஒருவனை வீட்டுக்கு அனுப்பினால் குணமாவான் என்றும் சொல்ல முடியாது, வீட்டிலிருந்து பிரித்தால் குணமாவான் என்றும் சொல்ல முடியாது. எந்த இடத்தில் அவன் யாராக இருந்தான் என்று கேட்க வேண்டும். நாவலாசிரியன் கேட்க வேண்டிய கேள்வி இது. டாக்டர்கள் முந்திக்கொண்டார்கள்.

டி.டி.கே. ஆஸ்பத்திரிக்காரர்கள் தஞ்சைப் பக்கம் மஞ்சக்குடியில் 1989 முதல் நடத்திய முகாம்கள் இந்த விதத்தில் கவனிக்கத்தக்கவை. நோயாளியை நகரத்துக்குக் கொண்டுவராமல் சிகிச்சையை ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஊர்க்காரர்களே இடம் கொடுத்து, சமைத்துப்போட்டு, பதினைந்து நாள் முகாம். அவன் குடித்து விழுந்ததைப் பார்த்த அதே ஊர் அவன் எழுவதையும் பார்த்தது. முதல் குடியிலிருந்து விடுவிக்கும் வேலை இரண்டாவது குடியிடமே ஒப்படைக்கப்பட்டது.

எல்லா இல்லமும் இப்படி இல்லை. பூட்டிவைத்து அடித்தவையும் இதே பெயர்ப்பலகையோடு நடந்து, செத்தவர்களைப் பற்றிய செய்தியோடு மூடப்பட்டிருக்கின்றன. 2017 ஆம் வருஷத்து மனநலச் சட்டம் குடிநோயையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்த பிறகு, ஒரு மனிதனைப் பூட்டுவதற்கு யாருக்கு என்ன உரிமை என்று கேட்க முடிகிறது. 2025 இல் தமிழக அரசு ‘கலங்கரை’ என்று பெயரிட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் மையங்கள் திறந்தது. நல்லது. கலங்கரை விளக்கம் கரையைக் காட்டும். கரையில் இறங்கியவன் இரவு எங்கே படுப்பான் என்பது அடுத்த கேள்வி.

அந்தக் கேள்வியில் இன்னொரு கோடும் ஓடுகிறது. ஹவில்தாருக்கு பென்ஷன் இருந்தது, நிரந்தர வேலை இருந்தது, நான்கு மாதம் விடுப்பில் போக முடிந்தது. அதே சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவன் நான்கு மாதம் போனால் திரும்பி வர வேலை இருக்காது. மீள்வதற்கான காலமும் ஒரு சொத்து. அது இருப்பவனுக்கு இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கு மேல் பலியானார்கள். பெரும்பாலோர் கூலிகள். இறந்தவன் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று அரசு அறிவித்தது. அந்தத் தொகை சரியா தவறா என்று ஊர் முழுவதும் வாதாடியது. முந்தின மாதம் அவர்களில் ஒருவன் குடியை விட நினைத்திருந்தால் கூலியை விட்டுவிட்டு முப்பது நாள் தங்க எந்தத் திண்ணை இருந்தது என்று யாரும் வாதாடவில்லை.

6

அந்த அறையில் கேட்டவற்றை இலக்கியம் என்று நான் சொல்லப்போவதில்லை. விமர்சகன் அங்கேயும் விமர்சகன்தான். அந்தச் சாட்சிப்பேச்சுக்கு ஒரு அச்சு இருக்கிறது. எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன். இந்த மூன்று படியில் எல்லா வாழ்க்கையும் ஏறிவிடுகிறது. ஜாதி அதில் மறைகிறது, ஷிப்டு மறைகிறது. மனைவி பொறுமைசாலியாக ஓரத்தில் நிற்கிறாள். அவள் தரப்பு என்ன என்று தெரியவில்லை. பார்வதியிடம் மட்டும் அகத்தைக் கொடுத்த ராஜாஜியின் கதைக்கு இது நேர் எதிர்க்கோடி. இரண்டும் சேர்ந்து இன்னும் ஒரு வீடு ஆகவில்லை.

ஆனாலும் நம்மிடம் இல்லாத மூன்று விஷயங்கள் அங்கே உண்டு. ஒன்று, ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல அனுமதி. ஒவ்வொரு வாரமும் அதே ஹவில்தார், அதே ரம், அதே மணி. ஆனால் மூன்றாவது வாரம் அதுவரை சொல்லாத ஒரு பெயர் உள்ளே வருகிறது. பத்தாவது வாரம் அந்தப் பெயருக்கு முகம் வருகிறது. புதியது சொல், புதியது சொல் என்று விரட்டுகிற நம் பத்திரிகைகளில் இந்தத் திரும்பச் சொல்லலுக்குப் பொறுமை கிடையாது. இரண்டு, பேசுகிறவனை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. நம் சூழலில் ஒருவன் வாய் திறந்தால் மூன்று பேர் மறுப்புக் கட்டுரை எழுதுகிறோம். மறுப்பு வேண்டும்தான். ஆனால் மறுப்புக்கு முன்னால் கேட்பது என்று ஒரு காரியம் இருக்கிறது. மூன்று, பெயர் வேண்டாம் என்கிற விதி. பேச்சு பேசுகிறவனின் புகழுக்குப் போய்ச் சேராது என்று தெரிந்தே பேசுகிறான். எழுத்தாளனுக்கு இதைவிடக் கஷ்டமான விதி ஒன்றைக் கற்பனை செய்ய முடியவில்லை.

நமக்கு இப்போது தேவை இன்னொரு ‘விமோசனம்’ அல்ல. குடியை எதிர்த்து எழுதுங்கள் என்று யாரையும் நான் கேட்கவில்லை. அப்படி எழுதப்படுபவை எப்படி இருக்கும் என்று தெரியும். குடியை அழகாக்கி எழுதுவதும் போதும் என்கிறேன். அதுவும் இன்னொரு வகைப் பிரசாரம்தான். அதன் கட்டணத்தை எழுதியவர்கள் கட்டவில்லை. நண்பர்கள் கட்டினார்கள், அவர்களுடைய மனைவிகள் கட்டினார்கள்.

ஹவில்தார் பேச்சின் நடுவே ஒன்று சொன்னார். “சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒம்போது மணி வரைக்கும்தான் வாழ்க்கை. மீதி எல்லாம் டூட்டி.” குடித்த காலத்தில் அந்த மூன்று மணி நேரத்துக்கு அவரிடம் ஆயிரம் கதை இருந்தது. விட்ட பிறகு அந்த நேரத்தில் எதுவும் நடப்பதில்லை. டீ போடுகிறார், கொடியில் காய்ந்த துணியை மடிக்கிறார், பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறார், மணி ஏழு இருபதுதான் ஆகியிருக்கிறது. சம்பவம் இல்லாத இந்த மூன்று மணி நேரத்தை வாசகன் புத்தகத்தை மூடிவிடாதபடி எழுத முடியுமா என்பது நம் உரைநடையின் முன்னால் இருக்கும் சோதனை. அதற்கு நாகராஜனின் வரண்ட வாக்கியம் உதவும், அவருடைய புராணம் உதவாது. கந்தனுடைய நாளைக்கு ஈடான இன்னொரு நாளை, குடிக்காமல் கழிந்த ஒரு நாளை, அதே கண்டிப்போடு எழுதுகிறவனையே நாகராஜனின் வாரிசு என்று ஒப்புக்கொள்வேன்.